செட்டியார் பொம்மை சொன்ன விலை

மேலக்கொடிக்காலில் ஒரு பொம்மை வாயைத் திறந்து பேசியதை அந்த ஊரில் யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசட்டும், வாய் இருக்கிறது, பேசுகிறது, ஆனால் பட்டப்பகலில், நாலு பேர் முன்னிலையில், ஒருத்தர் கையில் வைத்திருக்கும் பொருளுக்கு உள்ளதை உள்ளபடி விலை சொல்லலாமா என்பதுதான் அவர்களுடைய மனத்தாங்கல். அந்த மனத்தாங்கல் ஆடி முதல் வாரத்தில் தொடங்கி ஆவணி பதினேழு வரைக்கும் நீடித்தது. அதற்குள் ஊரில் மூன்று கல்யாணம் நின்றது, இரண்டு கல்யாணம் நடந்தது, ஒரு நகைக்கடை பலகையைக் கழற்றிவிட்டுப் பாத்திரக்கடையாக மாறியது, வர்த்தகர் சங்கம் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது.

பொம்மைகளுக்குச் சொந்தக்காரி மங்கையர்க்கரசி. ஒன்றியப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர், தினமும் நூற்று எண்பது பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் அளந்து போடுகிறவள். நாற்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னாள். மாப்பிள்ளை சபாநாயகம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போய் இருபது வருஷம் ஆன மனிதர். பத்தொன்பது வருஷம் அவள் பள்ளிக்குப் போய்வந்த பஸ்ஸில், எவ்வளவு கூட்டமானாலும் ஜன்னலோரத்தில் ஒரு சீட்டில் துண்டைப் போட்டுவைத்து, அவள் ஏறியதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் முன்பக்கம் போய்விடுவார். ஓய்வு பெற்ற மறுநாள் அதே பஸ்ஸில் பயணியாக வந்து, துண்டை எடுத்துவிட்டு, போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆவணி பதினெட்டில் முகூர்த்தம்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். சபாநாயகம் கும்பகோணத்தில் குடியிருந்தது பத்துக்குப் பன்னிரண்டு அறை. மங்கையிடம் இருந்தவை இருநூற்று நாற்பத்துமூன்று கொலுப் பொம்மைகள். அம்மா கண்ணை மூடுவதற்கு முன்னால், "வீடு உங்க அண்ணனுக்கு, பொம்மை உனக்கு. அதுகளை அநாதையா விட்டுடாதேடி, நீ போறதா இருந்தா யார் கையிலயாவது பார்த்துக் குடுத்துட்டுப் போ" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அண்ணன் வைத்திலிங்கம் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்துப் பேசுகிற பொறுப்பை அண்ணி கோமளவல்லி ஏற்றுக்கொண்டிருந்தாள். "பொம்மையை ஒழிச்சுட்டுத் தாராளமா போ மங்கை, யாரு வேணாங்கறா? ஒழிக்க முடியலைன்னா அதுங்ககூடவே இரு. இத்தனை வருஷம் இருக்கலியா?" என்றாள். மங்கை போய்விட்டால் சமையலறை தன் தலையில் விழும் என்பதைக் கோமளவல்லி நன்றாக யோசித்து வைத்திருந்தாள்.

ஆக, விற்க வேண்டும். எவ்வளவுக்கு விற்பது, யாரிடம் விற்பது, மொத்தமாகவா சில்லறையாகவா என்பதெல்லாம் மங்கைக்குத் தெரியாது. பழைய பொம்மைகளை வாங்குகிற தேவசகாயம் என்பவர் சென்னையிலிருந்து வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஆடி மாதம் நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, பரணிலிருந்து டிரங்குப் பெட்டிகளை இறக்கி, கூடத்தில் ஒன்பது படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, தசாவதாரம் ஒரு வரிசை, கல்யாண செட்டு ஒரு வரிசை, பேண்டு வாத்தியக்காரர்கள், போலீஸ்காரர், கழுத்து ஒடிந்து ஒட்டிய மான் என்று எல்லாரையும் அவரவர் இடத்தில் வைத்தாள். கடைசிப் படியில் தொந்தி சரிய உட்கார்ந்திருக்கும் செட்டியாரையும், பக்கத்தில் மூக்குத்தியோடு அவர் ஆச்சியையும் வைத்தாள். கை பழகிய பழக்கத்தில், செட்டியாருக்கு முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அரிசியும் துவரம்பருப்பும் மிளகாயும் நிரப்பினாள்.

அங்கேதான் தவறு நேர்ந்தது. புரட்டாசியில் படி கட்டினால் அது கொலு. தெய்வங்கள் மேலே இருக்க, செட்டியார் கீழே அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருப்பார். ஆடி மாதத்தில், சாமி கும்பிடாமல், விளக்கு ஏற்றாமல், விற்கிற எண்ணத்தோடு வரிசையாகச் சரக்கைப் பரப்பி முன்னால் பருப்பையும் வைத்தால் அதற்குப் பெயர் கடை. கடை என்று ஆனபிறகு செட்டியார் சும்மா இருப்பாரா?

தேவசகாயம் வந்தார். பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை, பஞ்சு சுற்றிய குச்சி, விரலில் கல் வைத்த மோதிரம். பொம்மைகளைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒன்றை முகர்ந்தும் பார்த்தார். காகிதக்கூழில் செய்த பதினோரு பழைய பொம்மைகளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, "மீதியெல்லாம் மண்ணு மேடம், இப்ப செஞ்சது. இந்தப் பதினொண்ணுக்கு நாப்பதாயிரம் தர்றேன். ஆடி மாசம், எல்லாரும் தள்ளுபடி குடுக்கிறாங்க, நீங்களும் கொஞ்சம் பார்த்துச் செய்யணும்" என்றார்.

"அந்தக் காளிங்க நர்த்தனம் ஒண்ணே அறுபதாயிரம் போகும்" என்றது ஒரு குரல், வெற்றிலையைக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "பூதக்கண்ணாடி நூத்தி எண்பது ரூபாய். கையுறை ஒரு டஜன் தொண்ணூறு, ஆஸ்பத்திரி சரக்கு. மோதிரத்துல கல்லு கண்ணாடி, வளையம் பித்தளை, ரெண்டும் சேர்த்து இருபத்தஞ்சு. கழட்டி வெச்சா விரல் பச்சையா இருக்கும், பாருங்க."

தேவசகாயம் மோதிரத்தைக் கழற்றவில்லை. கழற்றாமலே அவருடைய முகம் பச்சையாகிவிட்டது. கையுறையை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு, "யோசிச்சு போன் பண்றேன்" என்று கிளம்பினார். மங்கை கீழ்ப்படியைப் பார்த்தாள். செட்டியார் எப்போதும்போல் சிரித்த முகமாகத்தான் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல்.

"வந்த ஆளைத் துரத்திட்டீங்களே, செட்டியாரே."

"விலை தப்புன்னா தப்புன்னு சொல்லாம இருக்க முடியுமா தாயி?" என்றார் செட்டியார்.

இதைக் கோமளவல்லி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். கேட்டவள் மயங்கி விழவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை, நேரே உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, போன தீபாவளிக்குப் பதினெட்டாயிரம் என்று தம்பி மனைவி வாங்கிக் கொடுத்த பட்டுப்புடவையைக் கொண்டுவந்து செட்டியார் முன்னால் விரித்தாள். "மூவாயிரத்து இருநூறு" என்றார் அவர். அன்று மாலைக்குள் கோமளவல்லி தம்பி மனைவியோடு பேச்சை நிறுத்தினாள். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் பதினாறு ஜோடிச் செருப்பு கிடந்தது.

ஊர் வந்தது. நகையைக் கொண்டுவந்தார்கள், மாட்டைக் கொண்டுவந்தார்கள், மனைப் பத்திரத்தைக் கொண்டுவந்தார்கள், மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த சென்ட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தர் தாத்தா காலத்து வாளைக் கொண்டுவந்து, அது நாடகக் கொட்டகையிலிருந்து வந்த தகரம் என்று தெரிந்ததும் தாத்தாவின் படத்தையே சுவரிலிருந்து கழற்றினார். ஒருத்தி எதற்கும் உதவாது என்று வாசலில் கால் கழுவ வைத்திருந்த கல்தொட்டியை இழுத்து வந்து, அது நாற்பதாயிரம் என்று தெரிந்ததும் அதற்கு மாலை போட்டாள். கத்திரிக்காய் விற்கிற பெண்கள் தெருவில், "செட்டியார் விலை, செட்டியார் விலை" என்றே கூவினார்கள். செட்டியாரிடம் கேட்டுவிட்டுக் கூவினார்களா என்பது வேறு விஷயம்.

மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பட்டியல் நீளமாக இருந்தது. பெண்ணின் அப்பா பையனிடம், சும்மா பொம்மை பார்க்கலாம் வாங்க தம்பி என்று சொல்லி அழைத்து வந்து நைசாகச் செட்டியாருக்கு எதிரில் நிறுத்திவிட்டார். செட்டியார் பையனை மேலும் கீழுமாகப் பார்த்து, "பையன் நூத்தி முப்பத்தஞ்சு. சட்டை எண்ணூத்தி அம்பது. சட்டையைத் தனியாக் குடுத்தா எடுத்துக்கலாம்" என்றார். பெண்ணின் அப்பா அன்று தெருவெல்லாம் ஜிலேபி கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் மெக்கானிக் ஒருவன் அமைந்தான். அவனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது செட்டியார், "இது விலைக்கு வராது, சும்மா குடுத்தா உண்டு" என்றதால் சும்மாவே கல்யாணம் நடந்தது.

வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கடை நடத்துவதாகத் தகவல், பதிவு எண் எங்கே என்று மங்கையை மிரட்டினார். செட்டியார் அவர் சட்டைப்பையைப் பார்த்து, "அந்தப் பேனா பதிமூணாயிரம். தங்க முனை. உங்க கைக்கு வந்து எட்டு நாள் ஆவுது" என்றார். வந்தவர் தண்ணீர் கேட்டார், குடித்தார், பொம்மைகள் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை அமர்க்களத்திலும் மங்கையின் காரியம் மட்டும் நகரவில்லை. ஆடி பதினெட்டுக்கு மறுநாள் ஒரு விடுதிக்காரர் வந்தார். ஆற்றங்கரையில் பழைய வீட்டுப் பாணியில் விடுதி நடத்துகிறவர், கூடவே நாலு வெளியூர் விருந்தாளிகள். பொம்மைகளை அவர் பார்க்கவேயில்லை, படிகளை டேப் வைத்து அளந்தார். "வரவேற்பறைச் சுவர் இருபத்திரண்டு அடி. அடிக்கு எட்டாயிரம். மொத்தமா எடுத்துக்கறேன்" என்றார். மங்கை மனசுக்குள் பெருக்கிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் செட்டியார் முந்திக்கொண்டார். "உங்க விடுதித் தூண் எல்லாம் இருநூறு வருஷத்துத் தேக்குன்னு சொல்லியிருக்கீங்களே, அது சிமெண்டு. போன வருஷம் அச்சுல ஊத்துனது. ஒண்ணு ஆயிரத்து நானூறு." விருந்தாளிகள் நாலு பேரும் விடுதிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டேப்பைச் சுருட்டவும் மறந்து, பாம்பு மாதிரி அதை இழுத்துக்கொண்டே காரில் ஏறினார்.

சரி, வெளியே யாரும் வேண்டாம், போனிலேயே விற்கலாம் என்று ஒவ்வொரு பொம்மையாகப் படம் பிடித்துப் போட்டாள். இருநூற்றுப் பதினாலு பேர், "கடைசி விலை எவ்வளவு?" என்று கேட்டிருந்தார்கள். முதல் விலையை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருத்தர் போலீஸ்காரர் பொம்மைக்குப் பதிலாகப் பழைய ஃபிரிட்ஜ் தருவதாகச் சொன்னார். அந்த ஃபிரிட்ஜின் படத்தைக் காட்டியபோது செட்டியார் சிரித்த சிரிப்பில் கிண்ணத்து மிளகாய் உருண்டு ஓடியது.

"சிரிக்காதீங்க" என்றாள் மங்கை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்கு நாளு ஓடிட்டே இருக்கு. நீங்க ஒருத்தரையும் வாங்க விடமாட்டேங்கறீங்க. நான் இந்த வீட்டிலேயே கிடந்து சாகணுமா?"

பொருளுக்கு விலை என்றால்தான் செட்டியார் பேசுவார். மனுஷருக்கு ஆறுதல் கேட்டால் அவர் வெறும் பொம்மைதான்.

ஆடி கடைசியில் வர்த்தகர் சங்கம் கூடியது. தலைவர் தனபால், அரிசி மண்டிக்காரர். செட்டியார் பேச ஆரம்பித்த புதிதில் இந்தப் பொம்மையை ஆற்றில் போட வேண்டும் என்று கத்தியவர் அவர்தான். ஆனால் நாலு வாரத்தில், செட்டியாரிடம் விலை கேட்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அப்படியே மண்டியில் அரிசியும் வாங்கிப் போனதில் அவருக்கு ஞானம் பிறந்தது. செட்டியார் பொம்மை ஊரின் பொதுச் சொத்து, அது ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, அதைப் பராமரித்து வருகிற மங்கையர்க்கரசி அவர்களும் ஊர் நலன் கருதித் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கூடத்தில் படிகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். மங்கைக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சால்வை நூற்று எழுபது ரூபாய் என்று செட்டியார் சொன்னதைக் கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை.

சால்வையோடு மங்கை கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. பதினேழு வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் பதிமூன்று நவராத்திரி. ஒவ்வொரு வருஷமும் யாராவது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கொலு பார்க்கிற சாக்கில் வருவார்கள். தசாவதாரத்தைப் பார்ப்பார்கள், கல்யாண செட்டைப் பார்ப்பார்கள், அதே கண்ணோடு அவளையும் பார்ப்பார்கள். ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள், நடக்கச் சொல்வார்கள், சுண்டலைத் தின்றுவிட்டு, வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். முப்பது வயதுக்குப் பிறகு பாடச் சொல்வதும் நின்றது. இத்தனைக்கும் அப்புறம், யாருமே பாடச் சொல்லாமல், துண்டைப் போட்டுச் சீட்டுப் பிடித்த ஒரு மனிதரிடம் போவதற்கு இத்தனை தடையா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆவணி பதினேழு காலையில் சபாநாயகம் வந்தார். மறுநாள் முகூர்த்தம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பழைய கண்டக்டர் தோல்பை. கூடம் நிறைய ஜனம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தனபாலும் சங்கத்தாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வேளை மாப்பிள்ளை பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை. கோமளவல்லி எல்லாருக்கும் காபி கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, அவள் இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"ஊர்ல இருக்கிற எல்லாத்துக்கும் விலை சொன்னீங்களே செட்டியாரே, எங்க வீட்டுக் கல்யாணப் பொண்ணுக்கும் ஒரு விலை சொல்லுங்களேன். நாப்பத்தொன்பது வயசு. என்ன போகும்?"

சபாநாயகம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். வைத்திலிங்கம், அந்த வாயில்லாப் பூச்சி, "கோமளா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதுவே அவருக்குப் பெரிது. மங்கை தலையைக் குனியவில்லை. பதிமூன்று வருஷம் குனிந்தாயிற்று, கேட்டுவிடுவோம் என்று நின்றாள்.

செட்டியார் அவளைப் பார்த்தார். மாட்டையும் மனையையும் மாப்பிள்ளையையும் ஒரு நொடியில் எடைபோட்டவர், இப்போது வெகுநேரம் பார்த்தார். பிறகு கோமளவல்லியிடம் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"என்னம்மா கேக்கறே? அது சரக்கு இல்லே. அது வாங்க வந்த ஆளு."

யாருக்கும் புரியவில்லை. செட்டியாருக்கு அதுவரை பேசாத பேச்செல்லாம் அப்போது வந்தது. "எண்பது வருஷமா இந்தப் படியில கடை விரிச்சிருக்கேன். அரிசி, பருப்பு, மிளகா, எல்லாம் முன்னால இருக்கு. வர்றவங்க சுண்டல் வாங்கறாங்க, வெத்தலை பாக்கு வாங்கறாங்க, படம் புடிக்கறாங்க. ஒருத்தராவது, செட்டியாரே பருப்பு என்ன விலைன்னு கேட்டாங்களா? இந்த ஊரே வந்து அவங்கவங்க பொருளுக்கு விலை கேட்டுதே, என் பொருளுக்கு யாரு கேட்டா? கடையில இன்னும் போணியே ஆகலை. போணி ஆகாத கடையில பலகையையும் படியையும் வித்தா பொழப்பு வெளங்குமா? அதான் ஒருத்தனையும் விடலை. வருஷா வருஷம் என் முன்னால வந்து உக்காந்து, கிண்ணத்தை ரொப்பி, என் மூஞ்சியப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போறது இது ஒண்ணுதான். இன்னிக்குக் கேக்கும், நாளைக்குக் கேக்கும்னு நானும் பார்த்துட்டே இருக்கேன்."

இத்தனை வருஷமும் அந்தக் கூடத்தில் மங்கையைப் பண்டமாகப் பார்க்காத கண் ஒரு ஜோடி இருந்திருக்கிறது, அதுவும் வர்ணம் பூசிய கண். அவள் கயிற்றைத் தூக்கி அடியில் புகுந்து வந்தாள். கடைசிப் படிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நூற்று எண்பது பிள்ளைகளுக்குப் பருப்பு வாங்குகிற தோரணையில் கிண்ணத்திலிருந்து நாலு பருப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள்.

"துவரம்பருப்பு என்ன விலை, செட்டியாரே?"

செட்டியார் வாயைத் திறந்தார். மூடினார். ஊருக்கெல்லாம் விலை சொன்ன மனிதருக்குத் தன் கடைப் பருப்பின் விலை தெரியவில்லை! எண்பது வருஷமாக யாரும் கேட்காததால் மறந்தே போயிருந்தது. அவர் மெல்லத் திரும்பி ஆச்சியைப் பார்த்தார். இத்தனை நாளும் மூக்குத்தியோடு சும்மா உட்கார்ந்திருந்த ஆச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கிண்ணம் நாலணா. நம்மளைச் செஞ்ச அன்னிக்கு அதுதான் விலை. அதுக்கப்புறம் யாரும் கேக்கலை, நானும் ஏத்தலை."

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றாள் மங்கை.

"போணி நேரத்துல பேரம் பேசாதே தாயி" என்றார் செட்டியார்.

நாலணாவுக்கு எங்கே போவது? கூடத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஐந்நூறை எடுத்து நீட்டினார்கள். செட்டியார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில்லறை இல்லை, சில்லறை இல்லை என்று முப்பது வருஷம் பயணிகளிடம் சாதித்த சபாநாயகம் முகம் சிவந்து, தோல்பையின் ஏழாவது அறையைத் திறந்து, செல்லாமல் போன இருபத்தைந்து பைசா ஒன்றை எடுத்து மங்கையிடம் கொடுத்தார். மங்கை அதைச் செட்டியாரின் காகிதக்கூழ் உள்ளங்கையில் வைத்தாள். அவர் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவள் பருப்பைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்துகொண்டாள்.

போணி ஆன கடை எப்படி இருக்கும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். தனபாலுக்கும் தெரியும். ஆகையால் அவர் பதறிப்போய் நாற்காலியிலிருந்து எழுந்தார். "செட்டியாரே, இனி எல்லாத்தையும் நீங்களே வித்துக் குடுத்துடுங்க" என்று மங்கை சொல்லி முடிப்பதற்குள் செட்டியார் கூவ ஆரம்பித்துவிட்டார். மூன்று மணி நேரம். தசாவதாரத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தார், மச்சாவதாரத்தை மீன்காரருக்கும் கூர்மாவதாரத்தைத் தாலுகா ஆபீஸ்காரருக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். இருக்கிறவரிடம் கறாராக வாங்கினார், இல்லாதவரிடம், சும்மா எடுத்துக்க என்றால் மனசு நோகும் என்று பதினோரு ரூபாய் வாங்கினார். கல்யாண செட்டை அந்த மெக்கானிக் தம்பதிக்குக் கொடுத்தார். போலீஸ்காரரைக் கோமளவல்லியே வாங்கினாள். என்ன விலை என்று கேட்காமல், முந்தானையிலிருந்த மொத்தத்தையும் வைத்துவிட்டு, மங்கையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

கடைசியில் மிஞ்சியது கழுத்து ஒட்டிய மான். கீரை விற்கிற அஞ்சம்மாள் அதை முப்பது ரூபாய்க்குக் கேட்டாள். கொடுத்தார். வாங்கியவள், கீரை வாங்குகிறவர்களுக்குத் தான் கொடுக்கிற பழக்கத்தில், "கொசுறு இல்லீங்களா செட்டியாரே?" என்று கேட்டாள்.

"ஏன் இல்லாம? எங்க ரெண்டு பேரையும் எடுத்துக்க" என்றார் செட்டியார்.

தனபால் அலறினார். "ஐயோ, முப்பது ரூபா மானுக்கு நீங்க கொசுறா? உங்களுக்கு விலையே கிடையாதே!"

"விலை இல்லாததை வேற எப்படிக் குடுக்கறதாம்? நீங்க என்ன விலை போட்டு வாங்குவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றார் செட்டியார்.

தனபால் யோசித்தார். எது சொன்னாலும் குறைவாகவும் இருந்தது, எது சொன்னாலும் கையைக் கடிப்பதாகவும் இருந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் அஞ்சம்மாள் கீரைக்கூடையில் மானைப் படுக்கவைத்து, அதன் இரண்டு பக்கமும் செட்டியாரையும் ஆச்சியையும் உட்காரவைத்து, தண்டுக்கீரையால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். அதற்கப்புறம் செட்டியார் யாருக்கும் எந்த விலையும் சொன்னதாகத் தகவல் இல்லை. தீர்மானத்தை ரத்து செய்ய சங்கம் இரண்டு முறை கூடியது, ஆள் சேரவில்லை.

காலிப் படிகளில் வெள்ளை வேட்டி மட்டும் கிடந்தது. மங்கை அதை மடித்து அண்ணன் கையில் கொடுத்தாள். சம்பாதித்ததைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சபாநாயகத்தோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். முதலில் டவுன் பஸ் வந்தது. அதில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மங்கை ஏறவில்லை. ஏன் என்று அவர் கேட்டார், அடுத்ததில் போகலாம் என்றாள். கால் மணி கழித்து வெளியூர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் சபாநாயகத்திடம் வேலை கற்றவர், அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"வாங்கண்ணே. உங்களுக்குத்தான் பாஸ் இருக்கே. அக்காவுக்கு மட்டும் போட்டா போதும்ல? இல்ல, வேணாம்ணே, அதுவும் நான் பார்த்துக்கறேன்."

சபாநாயகம் பாஸை எடுக்கப் பைக்குள் கையை விட்டார். மங்கை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாஸ் இருக்கட்டும்" என்று அவள் கண்டக்டரிடம் பணத்தை நீட்டினாள். "கும்பகோணம் ரெண்டு குடுங்க. நான்தான் வாங்கறேன்."